மதுரை மொட்டைமாடியிலிருந்து கோள் கணக்கு: ஸ்டெல்லேரியத்தில் சரியான நிலை எடுப்பது எப்படி

வானத்தைக் கணினித் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருளில் சனியின் நிலையைப் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே பஞ்சாங்கத்தையோ இன்னொரு செயலியையோ திறந்து வைத்துக்கொண்டு, "ரெண்டும் ஒத்தே வரலையே, இதுல எது தப்பு?" என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெரும்பாலும் எதுவுமே தப்பாக இருக்காது. நீங்கள் ஒவ்வொன்றிடமும் வேறு வேறு கேள்வி கேட்டிருப்பீர்கள், அவ்வளவுதான். எந்த இடத்திலிருந்து பார்க்கிறோம், எந்த நேரம், எந்தப் புள்ளியைப் பூஜ்ஜியமாக வைத்து அளக்கிறோம், காற்றைச் சேர்த்தா சேர்க்காமலா என்ற நாலையும் ஒன்றாக்கிவிட்டால், காசு கொடுக்காமல் கிடைக்கும் மென்பொருள்களே ஒன்றுக்கொன்று ஓரிரு விகலைக்குள் ஒத்துப்போய்விடும்.

அளவுகளை ஒருமுறை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாகை, அதாவது டிகிரி, 60 கலை. ஒரு கலை 60 விகலை. முழுநிலவின் அகலம் சுமார் 30 கலை. நல்ல கண்ணுக்கு ஒரு கலை இடைவெளி பிரிந்து தெரியும். ஆக, மாடியில் நின்று "அந்தப் புளியமரத்துக்கு மேலே செவ்வாய்" என்று காட்டுவதற்கு விகலைக் கணக்கு தேவையே இல்லை. ஆனால் ஒரு கோள் எந்த நாளில் ராசி மாறுகிறது என்று பார்க்கப் போனால் ஒரே ஒரு கலைகூட பல மணி நேரத்தைத் தின்றுவிடும், அதைக் கீழே பார்ப்போம்.

முதலில் மென்பொருள்

கணினிக்கான ஸ்டெல்லேரியத்தை இறக்கிக்கொள்ளுங்கள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும், மூல நிரலே திறந்து கிடக்கிறது. ஃபோனில் அதே பெயரில் இருக்கும் செயலி வேறு தயாரிப்பு, இங்கே சொல்லும் பல பலகங்கள் அதில் இருக்காது. 2022 அக்டோபரில் 1.0 பதிப்பு வந்தது. அதற்கு முந்தையது எதுவும் உங்கள் கணினியில் கிடந்தால் அழித்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். மிகப் பழைய பதிப்புகளில் ஒளிப்பிறழ்ச்சித் திருத்தம் கிடையாது. பூமி ஓடிக்கொண்டே பார்ப்பதால் வானத்துப் பொருள் எல்லாம் 20 விகலை வரை இடம் தள்ளித் தெரியும், அந்தத் திருத்தத்தைச் சொல்கிறேன். கேஸ்டார்ஸ் என்ற இன்னொரு வான மென்பொருளும் நல்லதுதான், அதில் பழகியவர்கள் அதிலேயே இருக்கலாம். ஆனால் புதிதாக வருபவர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதன் எண்களைப் புரிந்துகொள்வதுதான் நல்லது. நாலு செயலியை இறக்கி வைத்துக்கொண்டு குழம்புபவர்கள்தான் அதிகம்.

இடம்

எஃப்6 விசையை அழுத்தினால் இடத்துக்கான பலகம் வரும். இணையத்தை வைத்து இடத்தைத் தானே கண்டுபிடிக்கும் வசதி அதில் இருக்கும். அதை முதலில் அணைத்துவிடுங்கள். உங்கள் இணைய இணைப்பு எந்த ஊரில் போய் முட்டுகிறதோ அந்த ஊரை அது எடுத்துக்கொள்ளும். நீங்கள் திருநகரில் உட்கார்ந்திருக்க, அது சென்னையிலோ மும்பையிலோ நிற்கும். பட்டியலில் மதுரையைத் தேடும்போது எழுத்தைக் கவனியுங்கள், கண்ணன் பிறந்த மதுராவும் கிட்டத்தட்ட அதே எழுத்துதான், அது நமக்கு 17 பாகைக்கும் மேல் வடக்கே இருக்கிறது. கையாலேயே போட்டுவிடுவது உத்தமம்: அகலாங்கு வடக்கு 9.92, நெட்டாங்கு கிழக்கு 78.12. உயரம் கடல்மட்டத்திலிருந்து 100 முதல் 140 மீட்டருக்குள் எதைப் போட்டாலும் கோள் கணக்கில் வித்தியாசம் தெரியாது. போட்டு முடித்ததும் அதையே நிரந்தர இடமாக வைக்கச் சொல்லும் கட்டத்தையும் டிக் செய்யுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை திறக்கும்போது பழைய கதைதான்.

இடம் எவ்வளவு துல்லியமாக இருக்கவேண்டும் என்று கேட்டால், எதற்காக என்பதைப் பொறுத்தது. திருமங்கலத்துக்கும் மதுரைக்கும் உச்சிப்பொழுது அரை நிமிடம்தான் தள்ளும். ராமேசுவரத்துக்குப் போனால் மதுரையைவிட ஏறக்குறைய 5 நிமிடம் முந்திவிடும். உதயம், அஸ்தமனம், குத்துயரம் (அடிவானத்திலிருந்து எத்தனை பாகை மேலே என்பது) எல்லாம் ஊருக்கு ஊர் மாறும். வியாழன் எந்த ராசியில் நிற்கிறது என்பது ஊருக்கு ஊர் மாறாது. பூமியின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் வியாழனுக்கு நாலைந்து விகலைக்கு மேல் வித்தியாசம் வராது. நிலவு மட்டும் விதிவிலக்கு, அதற்குத் தனியாக வருகிறேன்.

நேரம்

இதில்தான் பாதிப்பேர் வழுக்குகிறார்கள். எஃப்6 பலகத்திலேயே நேர மண்டலம் என்று ஒன்று இருக்கும், அதில் ஆசியா/கொல்கத்தா என்று இருக்கவேண்டும். நம் நேரம் உலகப் பொது நேரத்தைவிட, அதாவது யூடிசியைவிட, 5 மணி 30 நிமிடம் முன்னால். எஃப்5 அழுத்தினால் தேதியும் நேரமும் மாற்றலாம். எண் 7 கடிகாரத்தை நிறுத்தும், கே விசை மறுபடி இயல்பான வேகத்தில் ஓடவிடும், 8 இந்த நொடிக்குத் திரும்பக் கொண்டுவரும். எண்களைக் குறித்துக்கொள்ளும்போது கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் குறியுங்கள். ஓடும் கடிகாரத்தில் வானம் நொடிக்கு 15 விகலை சுழன்றுகொண்டிருக்கும், நீங்கள் முதல் எண்ணை எழுதி இரண்டாவதை எழுதுவதற்குள் அது நகர்ந்திருக்கும்.

பழைய தேதிகளுக்கு ஒரு எச்சரிக்கை. இந்திய நேரம் 1906 ஜனவரி 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முன் நம் பக்கத்து ரயில்கள் ஓடியது மெட்ராஸ் நேரத்தில், அது பொது நேரத்தைவிட சுமார் 5 மணி 21 நிமிடம் முன்னால். இன்னொன்று, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். 1943-ல் பிறந்த தாத்தாவுக்கு வீட்டில் எழுதி வைத்திருக்கும் நேரம் எந்தக் கடிகாரத்து நேரம் என்று தெரியாமல் கணக்குப் போட்டால், நிலவு அரைப் பாகைக்கு மேல் தள்ளிப்போகும், லக்னம் அரை ராசிக்கே நகர்ந்துவிடும். மென்பொருளுக்கு இந்த வரலாறு ஓரளவு தெரியும், அதனால் அது சொல்லும் நேர வித்தியாசம் 5:30-ஆ 6:30-ஆ என்று திரையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். யூடிசியில் யோசித்தால் இந்தத் தலைவலி பாதி குறையும்.

டெல்டா-டி என்று ஒரு தலைப்பு அமைப்புகளில் இருக்கும். பூமியின் சுழற்சி சீராக இல்லாததால் கோள்கள் ஓடும் சீரான நேரத்துக்கும் நம் கடிகாரத்துக்கும் விழும் இடைவெளி அது. இப்போது சுமார் 69 நொடி. அதைத் தொடாதீர்கள், மென்பொருளே பார்த்துக்கொள்ளும்.

சூரியனை வைத்து ஒரு சோதனை

இடமும் நேரமும் சரிதானா என்று கண்டுபிடிக்க மதுரைக்காரர்களுக்கு ஓர் அருமையான வழி உண்டு. நம் ஊர் கடக ரேகைக்குத் தெற்கே இருப்பதால் சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை நேர் உச்சிக்கு வரும். சித்திரை பிறந்த மறுநாள் அல்லது அதற்கடுத்த நாள், அதாவது ஏப்ரல் 15, 16 வாக்கில் ஒருமுறை, ஆகஸ்ட் 27, 28 வாக்கில் இன்னொரு முறை. ஸ்டெல்லேரியத்தில் ஏப்ரல் 15-ஐப் போட்டு நேரத்தை 12:17 ஆக்கி, எஃப்3 அழுத்திச் சூரியனைத் தேடுங்கள். குத்துயரம் 90 பாகையை ஒட்டி நிற்கவேண்டும், நிழலே விழாத நேரம் அது. ஆகஸ்ட்டில் 12:19-ஐ ஒட்டி இதே நடக்கும்.

ஏன் சரியாக 12 மணிக்கு இல்லை என்றால், நம் கடிகாரம் 82.5 பாகை நெட்டாங்குக்கானது. மதுரை அதற்கு 4.38 பாகை மேற்கே. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று போட்டால் பதினேழரை நிமிடம் வருகிறது. ஏப்ரல் நடுவில் சூரிய நேரத்துக்கும் கடிகார நேரத்துக்கும் உள்ள மற்ற வித்தியாசம் ஏறக்குறைய பூஜ்ஜியம் என்பதால் இந்தப் பதினேழரை நிமிடம் சுத்தமாகத் தெரியும். பிப்ரவரி நடுவில் பார்த்தால் உச்சிப்பொழுது 12:32 வரை போகும், நவம்பர் தொடக்கத்தில் 12:01-க்கே வந்துவிடும். ஏப்ரல் 12:17-க்குச் சூரியன் உச்சியில் இல்லாமல் மேற்கே இறங்கிக்கொண்டிருந்தால் உங்கள் நேர மண்டலம் யூடிசியிலேயே நிற்கிறது என்று அர்த்தம். நல்ல வெயில் நாளாக இருந்தால் மாடியில் ஒரு சொம்பை நிறுத்தி வைத்து நிழலையும் பார்த்துக்கொள்ளலாம், திரையை மட்டும் நம்பவேண்டியதில்லை.

எந்த எண்ணை எடுப்பது

சரி, இனிதான் முக்கியமான பகுதி. ஒரு கோளைச் சொடுக்கினால் இடது மேல் மூலையில் எண்கள் கொட்டும். பார்த்ததும் பயந்துபோய்ப் பலர் முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்த முதல் வரி பெரும்பாலும் ஜே2000 என்று போட்ட வல ஏற்றமும் நடுவரை விலக்கமும். வானத்து நெட்டாங்கு அகலாங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1 நண்பகலில் நின்ற சட்டத்தில், அதாவது வானத்தின்மேல் போட்ட அளவுக் கட்டங்களில், அளந்தது. அதற்குக் கீழேயே 'அன்றைய தேதிக்கு' என்று இன்னொரு ஜோடி இருக்கும். பூமியின் அச்சு சுமார் 26,000 ஆண்டுக்கு ஒரு சுற்று தள்ளாடுவதால் இந்தச் சட்டமே ஆண்டுக்கு 50.3 விகலை நகர்கிறது. 2025 வரை சேர்த்தால் 21 கலை. முழுநிலவின் அகலத்தில் முக்கால் பங்குக்கு அருகே.

எதற்கு எது? நட்சத்திர வரைபடம், தொலைநோக்கிப் பட்டியல், வால்நட்சத்திரத் தகவல் இவற்றோடு ஒப்பிட ஜே2000. பஞ்சாங்கம், ராசி, நட்சத்திரம் பார்க்க அன்றைய தேதிக்கான கிராந்திவட்ட நெட்டாங்கு, அதாவது சூரியன் ஆண்டு முழுக்க வானத்தில் நகரும் பாதையின்மேல் அளந்தது. வானத்தில் கையை நீட்டிக் காட்ட திசைவில்லும் குத்துயரமும். திசைவில் என்பது வடக்கைப் பூஜ்ஜியமாக வைத்துக் கிழக்கே 90, தெற்கே 180 என்று போகும். கிராந்திவட்டக் கணக்கும் இரண்டு ஜோடியாக, ஜே2000 ஒன்று, அன்றைய தேதிக்கு ஒன்று என்றுதான் வரும். அந்த இரண்டில் கண் தவறுவது ரொம்பச் சுலபம்.

எண்களைக் கையால் எழுதச் சிரமமாக இருந்தால் எஃப்10. வானியல் கணக்குகளுக்கான பலகம் அது. கோளைத் தேர்ந்தெடுத்து, தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கொடுத்தால் முழு அட்டவணை வந்துவிடும், கோப்பாகவும் சேமிக்கலாம். பத்தியின் தலைப்பில் ஜே2000 என்று இருக்கிறதா என்று படித்துவிட்டு எடுங்கள்.

பூமியின் மையமா, மதுரையா

கணக்குப் புத்தகங்கள் பெரும்பாலும் பூமியின் நடுவில் நின்று பார்ப்பதாக வைத்துக்கொள்ளும். நாம் நிற்பதோ மேலே, நடுவிலிருந்து 6,378 கிலோமீட்டர் தள்ளி. தூரக் கோள்களுக்கு இது ஒன்றுமே இல்லை. நிலவுக்கு மட்டும், அது அடிவானத்தில் இருக்கும்போது, கிட்டத்தட்ட ஒரு பாகை.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு நல்ல நாள் இருக்கிறது. 2019 டிசம்பர் 26 காலை, கோயம்புத்தூர், திண்டுக்கல் வழியாகக் கங்கண சூரிய கிரகணம் போனதே, அந்த நாள். திண்டுக்கல்லில் இடத்தை வைத்து, நேரத்தை 9:30-ஐ ஒட்டி நகர்த்திப் பாருங்கள், நெருப்பு வளையம் அப்படியே வரும். இப்போது எஃப்2 அழுத்தி அமைப்புகளில் கருவிகள் பக்கத்துக்குப் போய், பார்ப்பவர் இடத்தை வைத்துக் கணக்கிடும் டிக்கை எடுத்துவிடுங்கள். கிரகணமே காணாமல் போகும். சூரியனும் நிலவும் தொட்டுக்கொள்ளாமல் தனித்தனியாக நிற்கும், ஏனென்றால் பூமியின் நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த நேரத்தில் கிரகணம் இல்லை. டிக்கை மறக்காமல் திரும்பப் போட்டுவிடுங்கள். அப்புறம் அதே நேரத்தில் இடத்தைச் சென்னைக்கு மாற்றினால் வளையம் கிடைக்காது, பகுதி கிரகணம்தான். நிலவுக் கணக்கில் "எங்கே நின்று" என்ற கேள்வி ஏன் இவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பஞ்சாங்கத்தில் திதி, நட்சத்திரம் எல்லாம் பூமியின் மையத்துக்கே கணக்கிடுவார்கள். அவற்றோடு நிலவை ஒப்பிடும்போது மட்டும் அந்த டிக்கை எடுத்துவிட்டு ஒப்பிடவேண்டும். மற்ற நேரமெல்லாம் அது இருக்கட்டும்.

காற்றும் மலையும்

ஏ விசை வளிமண்டலத்தைப் போடும், எடுக்கும். போட்டிருக்கும்போது குத்துயரத்துக்குப் பக்கத்தில் 'தோற்றம்' என்கிற பொருளில் ஒரு குறிப்பு வரும். காற்று ஒளியை வளைப்பதால் அடிவானத்தில் உள்ள பொருள் சுமார் 34 கலை மேலே தூக்கித் தெரியும். சூரியனின் முழு அகலமே 32 கலைதான், ஆக அடிவானத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும் சூரியன் கணக்குப்படி ஏற்கெனவே உள்ளே போயிருக்கும். 45 பாகை உயரத்தில் இந்த வளைவு ஒரு கலைக்குள் அடங்கிவிடும். நேர் மேலே பூஜ்ஜியம்.

வெப்பநிலையும் காற்றழுத்தமும் மாற்றும் இடம் எஃப்4 பலகத்தில் வளிமண்டலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதில் ஏற்கெனவே போட்டிருப்பது ஏதோ குளிர்நாட்டு வெப்பநிலை. நம் ஊர் மே மாதத்து 38-ஐப் போட்டால் வளைவு இரண்டு மூன்று கலை குறையும். உதய நேரத்தில் அது சில நொடிகள். செய்தாலும் செய்யாவிட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது.

அதைவிடப் பெரிய வித்தியாசம் மலையால் வரும். மென்பொருள் சொல்லும் உதயம் தட்டையான அடிவானத்துக்கானது. ஒத்தக்கடைப் பக்கம் ஆனைமலை கிழக்கை மறைக்கும் இடத்திலோ, மாலையில் நாகமலை மறைக்கும் இடத்திலோ நின்றால், மலை எத்தனை பாகை உயர்ந்து தெரிகிறதோ அத்தனைக்கும் நேரம் தள்ளும். நம் அகலாங்கில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாகவே ஏறுவதால் ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். மலை 3 பாகை தெரிந்தால் 12 நிமிடம். கையை முழுக்க நீட்டிச் சுண்டுவிரலைப் பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய ஒரு பாகை, அளக்க அது போதும்.

கோள் தரவுக் கோப்புகள்

ஸ்டெல்லேரியம் இயல்பாகப் பயன்படுத்துவது விஎஸ்ஓபி87 என்ற பிரெஞ்சுக் கோட்பாடு. நிலவுக்குத் தனியாக ஈஎல்பி. செவ்வாய் வரையிலான கோள்களுக்கு 2000-ஐ ஒட்டி முன்னும் பின்னும் 4,000 ஆண்டுக்கு ஒரு விகலைத் துல்லியம், வியாழன் சனிக்கு 2,000 ஆண்டுக்கு. வீட்டுத் தேவைக்கு இது தாராளம்.

அதற்கும் மேல் வேண்டுமென்றால் நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் தரும் டிஈ440 கோப்பை இறக்கி, எஃப்2 பலகத்தில் அதைத் தேர்ந்தெடுக்கலாம். அது 1550 முதல் 2650 வரையிலான காலத்துக்கு. டிஈ441 பல ஆயிரம் ஆண்டுகளை அடக்கும், ஆனால் அளவு சுமார் 3 ஜிபி. சங்ககாலத்துக் கிரகணம் தேடுபவர்களைத் தவிர வேறு யாருக்கும் அது தேவையில்லை.

வெளியாளிடம் சரிபார்த்தல்

கோள் நிலைகளைக் கணக்கிட்டுத் தரும், ஜேபிஎல் நடத்தும் ஹொரைசன்ஸ் இணையச் சேவை இலவசம், கணக்குத் தொடங்கவேண்டியதில்லை. கோளைத் தேர்ந்தெடுத்து, பார்ப்பவர் இடமாக மதுரையின் எண்களைக் கொடுங்கள். இங்கே இரண்டு குழி. உயரத்தை அது கிலோமீட்டரில் கேட்கும், 130 என்று போட்டால் உங்களை விண்வெளியில் கொண்டுபோய் நிறுத்தும், 0.13 போடவேண்டும். நேரம் பொது நேரத்தில் கொடுக்கவேண்டும், இரவு 8 மணி என்றால் 14:30. எந்தெந்த எண் வேண்டும் என்று கேட்கும் பட்டியலில் 2 தோற்ற வல ஏற்றம், 4 திசைவில்லும் குத்துயரமும், 31 பார்ப்பவருக்கான கிராந்திவட்ட நெட்டாங்கு. 18-ஐத் தேர்ந்தெடுத்தால் சூரியனிலிருந்து பார்த்த நெட்டாங்கு வரும், அது நமக்கு வேண்டாம். காற்று வளைவு சேர்க்காமல்தான் அது இயல்பாகத் தரும், எனவே ஸ்டெல்லேரியத்திலும் ஏ அழுத்தி வளிமண்டலத்தை எடுத்துவிட்டு ஒப்பிடுங்கள். வித்தியாசம் ஓரிரு விகலைக்குள் வந்தால் உங்கள் அமைப்பு சரி. 20 விகலை வந்தால் ஒளிப்பிறழ்ச்சி. 21 கலை போல வந்தால் ஜே2000 குழப்பம். நிலவுக்கு மட்டும் பெரிதாகத் தள்ளினால் பூமி மையம். வித்தியாசத்தின் அளவே காரணத்தைச் சொல்லிவிடும், அதனால் 'தப்பா வருது' என்று விட்டுவிடாமல் எவ்வளவு தப்பு என்று எழுதிப் பாருங்கள்.

பஞ்சாங்கத்தோடு ஒப்பிடுவது

ஸ்டெல்லேரியம் தரும் நெட்டாங்கு சாயன முறை, மேஷத்தின் தொடக்கம் அதற்கு வசந்த சம இரவுப் புள்ளி. நம் பஞ்சாங்கம் நிராயனம், நட்சத்திரங்களை ஒட்டி அளப்பது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் அயனாம்சம். அயனாம்சம் ஒன்றல்ல, பல. மேகநாத் சாஹா தலைமையில் 1952-ல் அமைத்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு பரிந்துரைத்தது சித்திரபட்ச அயனாம்சம், அந்தக் குழுவின் செயலர் பெயரால் லஹிரி என்றும் சொல்வார்கள். 1956 மார்ச் 21-க்கு 23 பாகை 15 கலை என்று வைத்தார்கள். 2025 மார்ச்சில் அது சுமார் 24 பாகை 12 கலை. இந்த முறையில் சித்திரை நட்சத்திரம் (ஸ்டெல்லேரியத்தில் ஸ்பைகா) 180 பாகையை ஒட்டி நிற்கவேண்டும், எனவே அந்த விண்மீனைச் சொடுக்கி, அன்றைய தேதிக்கான நெட்டாங்கில் அயனாம்சத்தைக் கழித்துப் பாருங்கள். 180-ஐ ஒட்டி வந்தால் கழித்தல் சரி.

இப்போது சனிப்பெயர்ச்சி. இன்றைய வானியல் கணக்கை ஒட்டிப் போடும் திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2025 மார்ச் 29 இரவு சனி மீனத்துக்கு வந்தது. மீனத்தின் தொடக்கம் 330 பாகை, அதோடு 24 பாகை 12 கலை சேர்த்தால் 354 பாகை 12 கலை. அந்த இரவை ஸ்டெல்லேரியத்தில் போட்டுச் சனியின் அன்றைய தேதிக்கான நெட்டாங்கைப் பாருங்கள், அந்த எண்ணை ஒட்டித்தான் இருக்கும். அந்த நாட்களில் சனி நாளுக்கு 7 கலைதான் நகர்ந்தது. ஆக அயனாம்சத்தில் ஒரே ஒரு கலை மாற்றிப் போட்டாலும் பெயர்ச்சி நேரம் மூன்று மணி நேரத்துக்கு மேல் தள்ளும். இரண்டு திருக்கணிதப் பஞ்சாங்கங்களில் நேரம் கொஞ்சம் வேறுபட்டு இருந்தால் சண்டைக்குப் போகவேண்டாம், காரணம் இவ்வளவு சிறியதாக இருக்கலாம். தவறி ஜே2000 நெட்டாங்கை எடுத்து இன்றைய அயனாம்சத்தைக் கழித்தீர்களானால் மூன்று நாள் தள்ளிப்போகும்.

வாக்கியப் பஞ்சாங்கத்தில் அதே பெயர்ச்சி 2026 மார்ச்சில். திருநள்ளாறு கோயிலும் வாக்கியத்தையே பின்பற்றுவதால் 2025-ல் அங்கே விழா இல்லை. எந்த அயனாம்சத்தைப் போட்டுத் திருகினாலும் ஸ்டெல்லேரியத்தில் அந்தத் தேதியை நியாயமாக வரவழைக்க முடியாது. வாக்கியம் வேறு கணக்கு, பழைய சூத்திரங்களிலிருந்து வருவது. நிலவுக்கு 248 நாளுக்கு 248 வாக்கியங்களை மனப்பாடமாக வைத்துக்கொண்டு நிலையைச் சொன்ன முறை, நிலவு பூமிக்கு அருகே வந்துபோகும் சுற்று ஒன்பது முறை முடிய 248 நாள்தான் ஆகிறது என்பதைக் கண்டுபிடித்து அதன்மேல் கட்டியது. தாளும் எழுத்தாணியும் இல்லாமலே நிலவைப் பிடித்த அந்த மூளையை மெச்சலாம், ஆனால் இன்று தொலைநோக்கியில் சனி எங்கே தெரிகிறது என்ற கேள்விக்கு அது விடை அல்ல. கோயில் விழாவுக்கு எந்தப் பஞ்சாங்கம் என்பதைக் கோயில் பார்த்துக்கொள்ளும்.

நட்சத்திரம் வேண்டுமென்றால், பூமி மையத்துக்கு எடுத்த நிலவின் நிராயன நெட்டாங்கை 13 பாகை 20 கலையால் வகுங்கள். முழு எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் அசுவினியிலிருந்து எத்தனையாவது என்று வரும். ராகு கேது ஸ்டெல்லேரியத்தின் கோள் பட்டியலில் இல்லை. அவற்றை வேறு மென்பொருளில் எடுக்கும்போது சராசரி ராகுவா உண்மை ராகுவா என்று பாருங்கள், இரண்டுக்கும் ஒன்றரைப் பாகை வரைகூட வித்தியாசம் வரும்.

நிறைய நாட்களுக்கு வேண்டுமென்றால்

நூறு ஆண்டு அட்டவணை மாதிரி வேலைக்குப் பைத்தான் மொழியில் ஸ்கைஃபீல்டு என்ற நூலகம் நல்லது. பைத்தான் பழக்கம் இருப்பவருக்கு ஒரு மாலை போதும். ஜேபிஎல் கோப்பில் டிஈ421 எடுத்தால் சுமார் 17 எம்பி, 1900 முதல் 2050 வரை தாங்கும். டிஈ440-இன் சுருக்கக் கோப்பு சுமார் 32 எம்பி, 1849 முதல் 2150 வரை. கோப்பின் காலத்துக்கு வெளியே தேதி கொடுத்தால் பிழை காட்டி நின்றுவிடும், தப்பான விடை தராது, அது நல்ல குணம்.

அதில் நேரத்தை யூடிசியில் கொடுக்கவேண்டும், 5:30-ஐ நீங்களே கழிக்கவேண்டும். 'அப்சர்வ்' மட்டும் சொன்னால் ஒளி வந்துசேரும் நேரத்தை மட்டும் கணக்கில் எடுக்கும், அதன்பின் 'அப்பேரன்ட்' சேர்த்தால்தான் ஒளிப்பிறழ்ச்சியும் சேரும். வல ஏற்றம் கேட்கும்போது தேதியைக் குறிப்பிடாவிட்டால் ஜே2000 சட்டத்திலேயே தரும். குத்துயரம் கேட்கும்போது வெப்பநிலையும் அழுத்தமும் கொடுக்காவிட்டால் காற்று சேராது. வியாழன், சனி போன்றவற்றை வெறும் பெயரால் கேட்டால் டிஈ440 கோப்பில் 'அப்படி ஒன்று இல்லை' என்று சொல்லும், 'பேரிசென்டர்' என்று சேர்த்துக் கேட்கவேண்டும். கோளும் அதன் துணைக்கோள்களும் சேர்ந்த எடைமையம் அது, வித்தியாசம் நமக்குப் பொருட்டே இல்லை. செவ்வாய்க்கும் டிஈ440-இல் இதே கதை, டிஈ421-இல் மட்டும் வெறும் பெயர் வேலை செய்யும்.

நிராயனம் நேரடியாக வேண்டுபவர்கள் ஸ்விஸ் எஃபெமெரிஸ் என்ற கோள் கணக்கு நூலகத்தின் பக்கம் போகலாம். மூல நிரல் ஏஜிபிஎல் உரிமத்தில் திறந்திருக்கிறது, லஹிரி உட்படப் பல அயனாம்சங்கள் உள்ளேயே உண்டு. ஜாதகச் செயலிகள் பலவற்றின் உள்ளே ஓடுவது இதுதான். அயனாம்சத்தை நீங்கள் தேர்ந்தெடுக்காவிட்டால் அது தானாக எதை எடுத்துக்கொள்ளும் என்று ஊகிக்காதீர்கள், நிரலில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள், அட்டவணையின் முதல் வரியிலும் இடம், நேர மண்டலம், சட்டம், அயனாம்சம், தரவுக் கோப்பு ஐந்தையும் குறித்து வையுங்கள்.